தெரிந்த முகமும் திரையரங்கு வசூலும்

முன்னுரை

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று கேட்கும் பழமொழி ஒன்று நம்மிடையே உண்டு. "பழகப் பழகப் பாலும் புளிக்கும்" என்று எச்சரிக்கும் பழமொழியும் நம்மிடையே உண்டு. பலரும் அறிந்த பொருள் தானாகவே விலைபோகும் என்கிறது முன்னது. மிகவும் பழகிய பொருள் சுவை கெடும் என்கிறது பின்னது. இவ்விரண்டில் எது உண்மை?

இதற்கு விடை காண ஹாலிவுட்டின் சூப்பர்ஹீரோ படங்களை ஓர் ஆய்வுக்களமாகக் கொள்ளலாம். சூப்பர்மேன், பேட்மேன், ஸ்பைடர்மேன் முதலிய அதிசய வீரர்களை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வருகின்றன. "மக்களுக்குத் தெரிந்த முகம், ஆகவே வருவார்கள்" என்ற நம்பிக்கையில் கோடிக்கணக்கான டாலர்கள் முதலிடப்படுகின்றன. அந்த நம்பிக்கை எப்போது பலித்தது, எப்போது பொய்த்தது என்பதை நாம் எண்களைக் கொண்டே பார்ப்போம்.

வசூல் கணக்கு என்பது என்ன?

முதலில் கணக்கைப் புரிந்துகொள்வோம். டிக்கெட் விற்று வரும் மொத்தத் தொகையே வசூல். அது முழுவதும் படம் எடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்வதில்லை. திரையரங்குகளின் பங்கு போக, ஏறத்தாழப் பாதிதான் அவருக்குக் கிடைக்கும். விளம்பரச் செலவு வேறு. ஆகவே 20 கோடி டாலர் செலவில் எடுத்த படம் 20 கோடி டாலர் வசூலித்தால் அது வெற்றியன்று, பெரும் நட்டம். செலவைப்போல் இரு மடங்குக்கு மேல் வந்தால்தான் மூச்சு விட முடியும்.

இரண்டு எண்களை நாம் தனியே கவனிக்க வேண்டும். ஒன்று, படம் வெளியான முதல் வார இறுதியின் வசூல். படத்தை யாரும் பார்ப்பதற்கு முன்பே வரும் கூட்டம் அது. பெயரையும் விளம்பரத்தையும் நம்பி வருவது. மற்றொன்று, இரண்டாம் வார இறுதியின் வசூல். பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் என்ன சொன்னார்கள் என்பதை அந்த எண் காட்டிவிடும்.

பூக்கடையின் வெற்றி

சூப்பர்மேன் 1938ஆம் ஆண்டில் அமெரிக்கச் சித்திரக்கதை இதழ் ஒன்றில் பிறந்தார். கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் அவரைப் படைத்து, உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டனர். 1940இல் வானொலித் தொடர் வந்தது. 1952இல் தொலைக்காட்சித் தொடர் வந்தது. ரிச்சர்ட் டானர் இயக்கிய பெரிய திரைப்படம் 1978இல் வெளியானபோது, பாத்திரத்துக்கு வயது நாற்பது. தாத்தா சித்திரக்கதையில் படித்தவரை, தந்தை தொலைக்காட்சியில் பார்த்தவரை, பேரன் திரையில் காணச் சென்றான். மூன்று தலைமுறைக்கும் தெரிந்த முகம்! அமெரிக்காவில் மட்டும் 13 கோடி டாலருக்கு மேல் வசூலாயிற்று.

1962இல் பிறந்த ஸ்பைடர்மேனுக்கும் இவ்வாறே நடந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2002 மே மாதத்தில் வந்த படம் அமெரிக்காவில் முதல் வார இறுதியிலேயே 11 கோடி டாலரைத் தாண்டியது. ஒரே வார இறுதியில் 10 கோடி டாலரைக் கடந்த முதல் படம் அதுவே. பூக்கடைப் பழமொழி வென்றுவிட்டது என்றே தோன்றுகிறது அல்லவா? சற்றுப் பொறுப்போம்.

பால் புளித்த கதை

சூப்பர்மேன் வரிசையில் மேலும் மூன்று படங்கள் வந்தன. நான்கிலும் கிறிஸ்டோபர் ரீவ் என்ற ஒரே நடிகர்தான் நாயகன். அமெரிக்க வசூலை வரிசையாகப் பார்ப்போம்:

1978: 13 கோடி டாலருக்கு மேல்
1981: ஏறத்தாழ 11 கோடி டாலர்
1983: ஏறத்தாழ 6 கோடி டாலர்
1987: ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டாலர்

ஒன்பது ஆண்டுகளில் சூப்பர்மேனின் பெயரை மக்கள் மறந்தா போனார்கள்? இல்லை. முன்னிலும் அதிகம் பேருக்கு அவரைத் தெரியும். ஆயினும் வசூல் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியது. பெயர் தெரிவது வேறு, நம்பிக்கை இருப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மூன்றாம் படத்தில் ஏமாந்தவர்கள் நான்காம் படத்துக்கு வரவில்லை.

இங்கே ஒரு விதி புலப்படுகிறது. ஒரு படத்தின் முதல் நாள் கூட்டம், அதற்கு முந்தைய படம் சேர்த்து வைத்த சேமிப்பு. இந்தப் படம் அதை எடுத்துச் செலவழிக்கிறது. நன்றாக இருந்தால் அடுத்த படத்துக்காகத் திரும்பவும் சேர்த்து வைக்கிறது. இல்லாவிடில் கடனை வைத்துவிட்டுப் போகிறது.

விதியைச் சோதிப்போம்

பேட்மேன் படங்களைக் கொண்டு இவ்விதியைச் சோதிக்கலாம். 1989இல் வந்த படம் உலகெங்கும் 41 கோடி டாலர் வசூலித்தது. 1997இல் வந்த 'பேட்மேன் அண்ட் ராபின்' 24 கோடி டாலரோடு நின்றது, எள்ளி நகையாடவும்பட்டது. பிறகு எட்டு ஆண்டுகள் பேட்மேன் படமே வரவில்லை. 2005இல் கிறிஸ்டோபர் நோலன் கதையை அடியிலிருந்து மீண்டும் தொடங்கி 'பேட்மேன் பிகின்ஸ்' எடுத்தார். படத்தைப் பலரும் பாராட்டினர். ஆனாலும் அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 5 கோடி டாலரைக்கூட அது எட்டவில்லை. பழைய கடனை அடைக்க வேண்டியிருந்தது! அந்தப் படம் சேர்த்த நல்லெண்ணம் 2008இல் 'தி டார்க் நைட்' வந்தபோது தெரிந்தது. முதல் வார இறுதியிலேயே ஏறத்தாழ 16 கோடி. உலகெங்கும் 100 கோடி டாலருக்கு மேல்.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2016இல் பேட்மேனும் சூப்பர்மேனும் மோதும் படம் வந்தது. உலகிலேயே மிகவும் அறியப்பட்ட இரு வீரர்கள். அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல் ஏறத்தாழ 17 கோடி டாலர். மறு வார இறுதியிலோ வெறும் 5 கோடி. பார்த்தவர்கள் சொன்ன செய்தி வேலை செய்துவிட்டது. அடுத்த ஆண்டு இவ்விருவரோடு வேறு பல வீரர்களையும் சேர்த்து 'ஜஸ்டிஸ் லீக்' வெளியாயிற்று. புகழ்பெற்ற முகங்கள் கூடின. ஆனால் முதல் வார இறுதி 9 கோடியாகக் குறைந்தது. ஏறத்தாழ 30 கோடி டாலர் செலவான அப்படம் உலகெங்கும் 66 கோடி டாலரே ஈட்டியது.

தெரியாத முகங்கள் வென்றது எப்படி?

இனி மறுபக்கம் பார்ப்போம். மார்வெல் என்ற சித்திரக்கதை நிறுவனம் 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்த நிறுவனம். தன் புகழ்பெற்ற பிள்ளைகளான ஸ்பைடர்மேன், எக்ஸ்-மென் ஆகியோரின் திரைப்பட உரிமைகளை அது வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டது. 2005இல் பத்துப் பாத்திரங்களின் திரைப்பட உரிமைகளை ஈடாக வைத்து, 52 கோடி டாலருக்கு மேல் கடன் வசதி பெற்றுச் சொந்தமாகப் படம் எடுக்க முன்வந்தது. படங்கள் தோற்றால் ஈடு வைத்த பாத்திரங்களும் கைவிட்டுப் போகும். இது வாழ்வா சாவா என்னும் நிலை.

முதற்படம் 2008இல் வந்த 'அயர்ன் மேன்'. சித்திரக்கதை வாசகர்களுக்கு 1963 முதலே தெரிந்தவர். பொதுமக்களில் பலருக்கோ புதியவர். படம் உலகெங்கும் 58 கோடி டாலர் வசூலித்தது. மறு ஆண்டே டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு மார்வெலை வாங்க முன்வந்தது.

2014இல் அதனினும் துணிவான முயற்சி நடந்தது. 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' என்ற படத்தில் துப்பாக்கி ஏந்திய ரக்கூன் ஒன்றும், மூன்றே சொல் பேசும் மரம் ஒன்றும் வீரர்கள்! இவர்களை அறிந்தவர் மிகச் சிலர். ஆயினும் படம் 77 கோடி டாலர் ஈட்டியது. சேமிப்புக் கணக்கு பாத்திரத்தின் பெயரில் இல்லை; மார்வெல் என்ற கடையின் பெயரில் இருந்தது. நல்ல அரிசி தரும் கடையில் புதுப் பருப்பையும் நம்பி வாங்குகிறோமே, அதுபோலத்தான்.

அறிமுகம் செய்விக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. 'பிளாக் பேந்தர்' பாத்திரத்தை 2016இல் வேறொரு படத்தில் முதலில் சிறிது காட்டினார்கள். மக்கள் விரும்பினார்கள். 2018இல் தனிப்படம் வந்து 130 கோடி டாலரைத் தாண்டியது. 'ஜஸ்டிஸ் லீக்' வசூலைப்போல் அது இரு மடங்கு! ஆப்பிரிக்க அரசன் ஒருவனை நாயகனாக்கி இவ்வளவு பெரிய படம் அதுவரை வந்ததில்லை என்பதும் கூட்டத்தை ஈர்த்தது. இவ்வாறு சேர்ந்த சேமிப்பெல்லாம் 2019இல் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்துக்கு ஏறத்தாழ 280 கோடி டாலராக வந்து கொட்டியது.

விதிக்கும் எல்லை உண்டு

நேர்மையாக ஆராய்பவர்கள் தம் விதிக்கு அடங்காதவற்றையும் சொல்ல வேண்டும். 2019இல் வந்த 'ஜோக்கர்' 100 கோடி டாலரைக் கடந்தது. (இது பெரியவர்களுக்கான படம், நாம் கணக்கை மட்டும் பார்க்கிறோம்.) அதே நடிகர், அதே இயக்குநர், அதே பாத்திரத்தோடு 2024இல் இரண்டாம் படம் வந்தது. சேமிப்பு நிறைய இருந்தும் வசூல் ஏறத்தாழ 20 கோடி டாலரே. முதற்படத்தில் மக்கள் விரும்பியது ஒன்று. இரண்டாவதில் பாட்டும் நீதிமன்றமுமாகக் கொடுக்கப்பட்டது வேறொன்று. பாத்திரத்தின் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. எதற்காக விரும்பினார்களோ அது இருக்க வேண்டும்.

'கேப்டன் மார்வெல்' 2019இல் 110 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதன் தொடர்ச்சியான 'தி மார்வெல்ஸ்' 2023இல் ஏறத்தாழ 20 கோடியோடு நின்றது. காரணங்கள் பல. நடிகர் சங்க வேலைநிறுத்தத்தால் நடிகர்கள் படத்தைப் பற்றிப் பேசி விளம்பரம் செய்ய முடியவில்லை. முதற்படம் 'எண்ட்கேம்' வரப்போகும் ஆவலில் ஓடியது. அந்த ஆவல் இப்போது இல்லை. மேலும், மூன்று நாயகியரில் இருவரை முழுதாக அறிய இரண்டு தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்திருக்க வேண்டும். பழக்கம் இன்பமாக இருந்தவரை மக்கள் வந்தார்கள். அது வீட்டுப்பாடம் ஆனபோது விலகிவிட்டார்கள்!

யாருக்குத் தெரிந்த முகம்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். முகமூடி வீரரான ஃபாண்டம் 1936இல் அமெரிக்கச் செய்தித்தாள்களில் தோன்றியவர். தமிழ்ச் சித்திரக்கதை இதழ்களிலும் வந்து, நம் பெற்றோர் பலருக்குப் பழக்கமானவர். ஆனால் 1996இல் அவரைப் பற்றி 4 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு எடுத்த படம் அமெரிக்காவில் 2 கோடியைக்கூட ஈட்டவில்லை. தாத்தா அறிந்த வீரனைப் பேரன் அறியவில்லை. பழமை மட்டும் பழக்கமாகிவிடாது. தலைமுறைதோறும் புதுப்பிக்க வேண்டும்.

முடிவுரை

ஆகவே ஒரு வீரரின் புதுப்படம் வருகிறது என்று செய்தி வந்தால், "இவரை எல்லாருக்கும் தெரியுமே" என்று சொல்லி நிறுத்திவிட வேண்டாம். நான்கு கேள்விகள் கேட்போம். இவரை இன்றைய இளைஞர்கள் அறிவார்களா? சென்ற படம் பார்த்தவர்களை மகிழ்வித்ததா, ஏமாற்றியதா? எதற்காக இவரை விரும்பினார்களோ, அது இந்தப் படத்தில் இருக்கிறதா? முன்கதை தெரியாதவரும் உட்கார்ந்து ரசிக்க இயலுமா? இவற்றுக்கு விடை தெரிந்தால் வசூலைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். குடும்பத்தோடு டிக்கெட் எடுக்கலாமா என்று முடிவு செய்யவும் இக்கேள்விகள் உதவும்.

இரண்டு பழமொழிகளும் உண்மையே. பூக்கடைப் பழமொழி முதல் நாளுக்குரியது. பால் பழமொழி அதற்குப் பின் வரும் நாட்களுக்குரியது. நம் பள்ளியின் பெயரைச் சொன்னதும் கல்லூரியில் ஒரு புன்னகை கிடைக்கிறதே, அது நமக்கு முன் படித்த அக்காமார் சேர்த்து வைத்தது. முதல் நாள் அதை நாம் செலவழிக்கலாம். அடுத்த ஆண்டு வரும் தங்கைக்கு எவ்வளவு மிச்சம் வைக்கிறோம் என்பது இரண்டாம் வாரத்தில் தெரிந்துவிடும்.