பிறவிக் கண்புரையும் பார்வைப் புறணியும்

பிறவிக் கண்புரையோடு பிறந்த குழந்தைக்கு அறுவைச் சிகிச்சை முடிந்ததும் விழி தெளிந்துவிடும். பார்வை வருவது வேறு கணக்கு. விழித்திரையில் விழும் ஒளியை உருவமாக அறிவது மூளையின் பின்பக்கத்தில் உள்ள பார்வைப் புறணி. பிறந்த முதல் சில மாதங்களில் தெளிவான உருவங்கள் அங்கே போய்ச் சேரவில்லை என்றால் அதன் நரம்பிணைப்புகள் முறையாக அமைவதில்லை.

இதை ஆய்வுக்கூடத்தில் நிறுவியவர்கள் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும். 1960-களில் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில், பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி, சில வாரங்கள் கழித்துத் திறந்தார்கள். விழித்திரைக்கு ஒரு பழுதும் இல்லை. ஆனால் புறணியில் நுண்ணிய மின்முனையைச் செருகி ஒவ்வொரு செல்லாகச் சோதித்தபோது, ஏறக்குறைய எல்லாமே திறந்திருந்த கண்ணுக்கு மட்டுமே துடித்தன. வளர்ந்த பூனையின் கண்ணை மாதக்கணக்கில் மூடிவைத்தும் இப்படி ஆகவில்லை. குட்டிக்கோ, பிறந்து நான்கைந்து வாரத்தில் மூன்று நான்கு நாள் மூடினாலே போதுமாக இருந்தது. பார்வை மண்டலம் பற்றிய ஆய்வுகளுக்காக 1981-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இரண்டு கண்களையும் மூடியபோது சேதம் இரட்டிப்பாகும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அப்படி ஆகவில்லை. ஒழுங்கு குலைந்திருந்தாலும், செல்களில் பாதிக்கு மேல் பதில் தந்தன. காரணம் போட்டி. இரு கண்களின் நரம்பிழைகளும் ஒரே செல்களுக்காக முட்டிமோதுகின்றன. பங்காளி ஊரில் இல்லாத வயலில் வரப்பு நகர்வதைப் போல, மூடிய கண்ணின் இடத்தைத் திறந்த கண் எடுத்துக்கொள்கிறது.

சிகிச்சையின் கால அட்டவணை இதிலிருந்தே வருகிறது. ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியான புரை இருந்தால் சுமார் 6 வாரத்துக்குள்ளும், இரண்டிலும் இருந்தால் சுமார் 8 வாரத்துக்குள்ளும் அகற்றிவிட மருத்துவர்கள் முயல்கிறார்கள். அதன் பிறகு கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ வேண்டும். ஒரு கண் பின்தங்கியிருந்தால், நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுத்துணியால் மூட வேண்டும். சில வேளை இது ஆண்டுக்கணக்கில் நீளும். உண்மையான சிகிச்சை இதுதான். பெற்றோர் சோர்ந்துபோவதும் இங்கேதான். நன்றாகத் தெரியும் கண்ணை மூடினால் குழந்தை அழும், தடுமாறும், பிய்த்தெறியும். கண்ணாடியின் மேல் ஒட்டினால் விளிம்பு வழியாக எட்டிப் பார்த்துவிடும். தோலின் மேல் நேராக ஒட்டுவதே பலன் தரும். சும்மா உட்கார வைப்பதைவிட, படம் வரைவது, மணி கோப்பது போன்ற அருகில் பார்த்துச் செய்யும் வேலை கொடுத்தால் நேரம் எளிதாகக் கழியும். மருத்துவர் சொன்ன நேரத்துக்கு மேல் மூடக் கூடாது. மூடிய நல்ல கண்ணும் பின்தங்கிவிடலாம். அதனால் மறுபரிசோதனைத் தேதியைத் தவறவிடவே கூடாது.

காதுக்கும் இதே நியாயம்தான். காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு மூன்றரை வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்தினால், ஒலிக்குச் செவிப் புறணி தரும் மின் அலை சில மாதங்களில் வயதுக்கேற்ற வேகத்தை எட்டுவதை அமெரிக்க ஆய்வாளர் அனு சர்மாவின் குழு காட்டியது. ஏழு வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அது வாய்க்கவில்லை.

கதவு முழுக்கச் சாத்தப்படுவதும் இல்லை. ஆய்வாளர் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டத்தில், வட இந்தியாவில் 8 வயதிலோ அதற்குப் பிறகோ பார்வை பெற்ற குழந்தைகள் சோதிக்கப்பட்டார்கள். கையால் தடவி அறிந்த பொருளைக் கண்ணால் அடையாளம் காண முதலில் அவர்களால் முடியவில்லை. சில நாட்களிலேயே அந்தத் திறன் வளர்ந்தது. ஆனாலும் இவ்வளவு தாமதமாகச் சிகிச்சை பெறுபவர்களுக்குக் கூர்மையான பார்வை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஒரு கண் நன்றாகத் தெரியும் குழந்தை பெரும்பாலும் வெளியே எந்தக் குறையும் காட்டாது. ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் தெரிந்தால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். புரை மட்டுமல்ல, விழித்திரைப் புற்றுநோயும் இப்படித் தெரியலாம். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் முன்பே குழந்தையின் கண்மணியில் ஒளி பாய்ச்சிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே விட்டுப்போனால் ஆறாவது வாரத் தடுப்பூசிவரை காத்திருக்காமல், முதல் மாதத்திலேயே ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.