கோந்தர் கோட்டையும் வெட்டுப்பட்ட தபால்தலையும்

ஒன்பது வயதில் நான் ஒரு அட்டையைப் பாழாக்கினேன். எத்தியோப்பியாவில் கணக்கு வாத்தியாராக இருந்த பெரியப்பா, கோந்தரிலிருந்து அப்பாவுக்குப் போட்ட பட அட்டை அது. முன்பக்கம் ஃபசிலிதஸ் அரசரின் கோட்டை. பின்பக்கம் பேரரசர் ஹைலே செலாசியின் முகம் போட்ட தபால்தலை. எனக்குத் தபால்தலை மட்டும்தான் வேண்டியிருந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன். முத்திரையில் பாதி, தேதி, கோட்டையின் இடப்பக்கக் கோபுரம், பெரியப்பா எழுதிய நான்கு வரிகளின் நுனி எல்லாம் ஒரே வெட்டில் போயின. “இங்கே தோசை மாதிரி ஒன்று சுடுகிறார்கள், இஞ்செரா என்று பெயர், புளிப்பு நம் மாவைவிட” என்பதோடு ஒரு வரி நின்றுவிட்டது. அதிகமா குறைவா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்பதற்குப் பெரியப்பாவும் இல்லை.

அட்டை சேர்க்கத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: தபால்தலையைப் பிரிக்காதீர்கள். படம், எழுத்து, தபால்தலை, முத்திரை நான்கும் சேர்ந்ததுதான் அட்டை. பல ஆண்டுகள் கழித்து என் பழைய ஆல்பத்தில் அந்தத் தபால்தலையைத் தேடி எடுத்தேன். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்திருந்ததால் பின்தாள் போய்விட்டது. இப்போது அட்டையையும் அதையும் ஒரே உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. ஒட்டினால் அது இரண்டாவது தவறு.

அந்த அட்டையிலிருந்துதான் எத்தியோப்பியாவின் உலகப் பாரம்பரியக் களங்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். யுனெஸ்கோ 1978-இல் உலகம் முழுவதற்குமாக அறிவித்த முதல் பன்னிரண்டு இடங்களில் இரண்டு எத்தியோப்பியாவில் இருந்தன: லாலிபெலாவின் பாறைக் குடைவு ஆலயங்கள், சிமியன் மலைப் பூங்கா. அடுத்த ஆண்டு கோந்தரின் கோட்டை வளாகம். 1980-இல் அக்சும், தியா, அவாஷ் கீழ்ப்பள்ளத்தாக்கு, ஓமோ கீழ்ப்பள்ளத்தாக்கு. பிறகு 2006-இல் ஹரார், 2011-இல் கொன்சோ, 2023-இல் பாலே மலைகளும் கெதியோவும். 2024-இல் மெல்கா குந்துரே சேர்ந்தது. அதை முடிவு செய்த கூட்டம் நடந்தது நம் புதுதில்லியில். ஆக இன்றைக்குப் பன்னிரண்டு.

பன்னிரண்டுக்கும் தலா ஒரு அட்டை கிடைத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். லாலிபெலாவும் கோந்தரும் சுலபமாக வந்தன. லாலிபெலாவில் சிலுவை வடிவில் பாறைக்குள் கீழ்நோக்கி வெட்டிய புனித ஜார்ஜ் ஆலயம் மட்டும் என்னிடம் ஏழெட்டு அட்டைகளில் இருக்கிறது, ஏறக்குறைய ஒரே கோணத்தில். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மாற்றுக்குக் கொடுத்துவிடலாம் என்று அடுக்கியபோதுதான் மற்ற ஆலயங்களின் அட்டைகளில் ஒரு வித்தியாசம் தெரிந்தது. சிலவற்றில் ஆலயத்துக்கு மேலே வெறும் வானம். சிலவற்றில் பெரிய வெள்ளைக் கூரை, தாங்கி நிற்கும் உலோகத் தூண்கள். மழையிலிருந்து பாறையைக் காக்க 2008-இல் அமைத்த கூரைகள் அவை. புனித ஜார்ஜுக்கு அந்தக் கூரை கிடையாது. தேதியில்லாத அட்டையில் லாலிபெலாவின் இன்னோர் ஆலயமான மேதானே ஆலெம் திறந்த வானத்தின் கீழ் நின்றால், அந்தப் படம் கூரைக்கு முந்தியது என்று சொல்லிவிடலாம். அன்றிலிருந்து அட்டையில் இடத்தைப் பார்ப்பதற்கு முன் காலத்தைத் தேடுகிறேன்.

இந்தப் பழக்கம் அக்சுமில் எனக்குக் கொடுத்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அக்சுமின் அடையாளம், ஒரே கல்லில் செதுக்கி நிறுத்திய நெடுந்தூண்கள். மாடி மாடியாகப் பொய்க் கதவும் பொய்ச் சன்னலும் செதுக்கியவை. எல்லாவற்றிலும் பெரியது, சுமார் 33 மீட்டர், விழுந்து உடைந்து கிடக்கிறது. இன்னொன்று, ஏறக்குறைய 24 மீட்டர், 160 டன். முசோலினியின் படை 1937-இல் அதை ரோமுக்கு எடுத்துப் போனது. திருப்பித் தருவதாக இத்தாலி 1947-இல் ஒப்புக்கொண்டது. தூண் வீடு திரும்பியது 2005-இல். மூன்று துண்டுகளாக, விமானத்தில். மறுபடி நிமிர்ந்து நின்றது 2008-இல்.

இப்போது அட்டைகளுக்கு வருவோம். அக்சுமின் பழைய அட்டைகளில் உயரமாக நிற்பது எசானா அரசரின் பெயரால் சொல்லப்படும் தூண் ஒன்றுதான். 2008-க்குப் பிந்திய படங்களில் நெடுந்தூண்கள் இரண்டு நிற்கும். நடுவில் அறுபது எழுபது ஆண்டுகள் அந்த இரண்டாவது தூண் எங்கே இருந்தது? ரோமில், ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் தலைமை அலுவலகக் கட்டடத்துக்கு முன்னால், போக்குவரத்துக்கு நடுவே. ரோம் நகரத்துச் சுற்றுலா அட்டைகளிலும் அது நிற்கிறது. பழைய அட்டை விற்கும் ஒருவரின் பெட்டியில் ‘இத்தாலி’ என்று பிரித்திருந்த கட்டுக்குள் அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. கார்கள், பைன் மரங்கள், பின்னால் வெள்ளைக் கட்டடம், முன்னால் அக்சுமின் கல். குறிப்பில் எத்தியோப்பியா என்ற சொல்லே இல்லை. விலை மிகக் குறைவு. என் சேகரிப்பில் நான் மிகவும் மதிப்பது அந்த அட்டையைத்தான். ஆல்பத்தின் அக்சும் பக்கத்தில், இரண்டு தூண்கள் நிற்கும் புதிய அட்டைக்கு நேர் எதிரே வைத்திருக்கிறேன். ஆகவே ஒரு நாட்டின் பாரம்பரியத்தை அந்த நாட்டின் பெயர் போட்ட கட்டில் மட்டும் தேடாதீர்கள். ஆண்டவனின் பெட்டியிலும் ஆளப்பட்டவனின் சொத்து கிடக்கும்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. ‘அஸ்மாரா, எத்தியோப்பியா’ என்று அச்சிட்ட பழைய அட்டைகள் நிறையக் கிடைக்கும். அஸ்மாரா 2017-இல் பாரம்பரியப் பட்டியலில் வந்தது, ஆனால் எரித்திரியாவின் களமாக. 1993-இல் எரித்திரியா தனி நாடாகிவிட்டது. நான் அவற்றுக்குத் தனி ஆல்பம் போட்டுவிட்டேன். அட்டையில் அச்சான நாட்டுப் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

ஓமோ அட்டைகளைப் பற்றி எனக்குக் கண்டிப்பான கருத்து உண்டு. ஓமோ என்று கேட்டால் உதட்டில் தட்டு அணிந்த முர்சிப் பெண்களின் படம்தான் பெரும்பாலும் வரும். ஓமோ கீழ்ப்பள்ளத்தாக்கு பட்டியலில் இருப்பது அங்கே கிடைத்த தொல்மனித எலும்புகளுக்காக. படத்தில் இருப்பவரின் பெயர்கூட அட்டையில் இருக்காது. அப்படி நான்கு அட்டைகள் வாங்கியிருந்தேன், ஆல்பத்திலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது ஓமோவுக்கு என்னிடம் இருப்பது ஆற்றின் படம் ஒன்று. அவாஷுக்கு இந்தச் சங்கடம் இல்லை. 1974-இல் ஹதாரில் கிடைத்த 32 லட்சம் ஆண்டுப் பழமையான லூசி என்ற தொல்மனிதப் பெண்ணின் எலும்புக்கூட்டுப் படம் கிடைத்தால் போதும். எத்தியோப்பியர்கள் அவளைத் ‘திங்கினெஷ்’ என்கிறார்கள். நீ அற்புதமானவள் என்று பொருள்.

தேதி படிப்பதில் நான் பட்ட பாடு இன்னொன்று. 2019-இல் கோந்தரிலிருந்து ஒரு அட்டை வந்தது. அனுப்பியவர் மேலே 11-5-2011 என்று எழுதியிருந்தார். மே மாதம் 2011-இல் எழுதியது எட்டு ஆண்டுகள் எங்கேயோ கிடந்து வந்திருக்கிறது என்று நினைத்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். எத்தியோப்பிய ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள். நம் செப்டம்பரில் புத்தாண்டு. கணக்கு ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கியே ஓடும். ஐந்தாம் மாதம் ‘தெர்’. தெர் 11 என்பது அந்த ஆண்டு ஜனவரி 19, திம்கத் திருநாள். கோந்தரில் ஃபசிலிதஸின் குளத்தில் நீர் நிரப்பி, விடியலில் ஆசி வழங்கி, மக்கள் அதில் குதிக்கும் நாள். திருவிழா நாளில் உட்கார்ந்து எனக்கு எழுதியிருக்கிறார். நான் அதைத் தாமதக் கணக்கில் எழுதிவிட்டேன். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் எழுத்தையும் கொஞ்சம் கற்றுக்கொள்வது நல்லது. தமிழருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. நம் உயிர்மெய் போலவே ஒவ்வொரு மெய்யும் உயிருக்கு ஏற்ப உருவம் மாறும், வரிசைக்கு ஏழு. ஊர்ப் பெயர்களைப் படிக்கும் அளவுக்கு எனக்கு இரண்டு மாதம் போதுமானதாக இருந்தது.

பாதுகாப்பதில் சில எச்சரிக்கைகள். கடையில் மலிவாகக் கிடைக்கும் பளபளப்பான பிவிசி உறை வேண்டாம். சென்னை வெக்கையில் இரண்டே கோடையில் ஹரார் நகர வாசல் அட்டை உறையோடு ஒட்டிக்கொண்டு, பிரித்தபோது வாசலின் நிறம் உறையோடு போனது. பாலிப்ரொப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். லேமினேஷன் ஒருக்காலும் கூடாது. குறிப்பெழுதப் பென்சில். இராமபாணப் பூச்சிக்கு நான் கண்ட மருந்து, மாதம் ஒருமுறை ஆல்பத்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்ப்பதுதான்.

யாராவது எத்தியோப்பியாவுக்குப் போனால் வெறும் அட்டையை வாங்கி வரச் சொல்லாதீர்கள். எழுதி, தபால்தலை ஒட்டி, அங்கேயே பெட்டியில் போடச் சொல்லுங்கள். தபால்தலையும் அந்த இடத்துடையதாக இருந்தால் இன்னும் சிறப்பு. பதில் அனுப்பும்போது அவர்களின் தபால்பெட்டி எண்ணை மறக்க வேண்டாம். அங்கே கடிதம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை, பெட்டி எண்ணுக்குத்தான் வரும். வராத அட்டைக்காக யாரையும் நச்சரிக்காதீர்கள். 2020 நவம்பரில் அக்சும் இருக்கும் திக்ராயில் போர் தொடங்கியபின் அங்கிருந்து எனக்கு எழுதிக்கொண்டிருந்தவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு வரி வந்தது: உயிரோடு இருக்கிறேன். அட்டையில் படம் எதுவும் இல்லை. அதுவும் ஆல்பத்தில் இருக்கிறது.

இப்போது பாக்கி, மெல்கா குந்துரே. அச்சிட்ட அட்டை எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. நண்பரின் மகள் அடிஸ் அபாபாவில் வேலையில் இருக்கிறாள். தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் மெல்கா குந்துரே. அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் வாள் செதுக்கிய நடுகற்கள் நிற்கும் தியா. ஒரே நாளில் இரண்டையும் பார்த்து, படமெடுத்து, கெட்டி அட்டையில் 105-க்கு 148 மில்லிமீட்டர் அளவில் அச்சிட்டு, இரண்டு வரி எழுதி, சர்ச்சில் சாலையின் தலைமைத் தபால் நிலையத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். “மழை விடட்டும் மாமா, புத்தாண்டுக்கு மஞ்சள் பூ பூக்கும், அப்போ போறேன்” என்றாள்.