ஒரு குரங்கும் அரை மணி நேரமும்



வண்டலூரிலுள்ள அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குப் பள்ளிச் சுற்றுலா சென்றிருக்கிறீர்களா? புலி, சிங்கம், நீர்யானை என்று ஓட்டமாய் ஓடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மாலையில் களைத்துத் திரும்பியிருப்பீர்கள். அடுத்த முறை ஒரே ஒரு விலங்கின் முன் அரை மணி நேரம் நின்று பாருங்கள். எந்த விலங்கு என்கிறீர்களா? சிங்கவால் குரங்கையே எடுத்துக்கொள்வோம்.

கறுத்த உடல், முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் நிறப் பிடரி. இந்தப் பிடரியால்தான் சிங்கத்தின் பெயர் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வாலின் நுனியைக் கவனியுங்கள். சிங்கத்தின் வாலில் உள்ளது போன்ற மயிர்க்குஞ்சம் தெரியும். பெயர்க் காரணம் அதுதான்.

உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டுமே இக்குரங்கு இயற்கையாக வாழ்கிறது. பெரும்பாலும் மரஉச்சிகளில்தான் இதன் வாழ்க்கை. பழம், விதை, பூச்சி ஆகியவற்றைத் தேடிக் கூட்டமாகக் கிளைக்குக் கிளை செல்லும். கிடைத்த உணவைக் கன்னப் பைகளில் அடக்கிக்கொண்டு, பிறகு மெல்லத் தின்னும். உணவு தரும்போது பாருங்கள், கன்னம் உப்புவது தெரியும்.

இனி நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். கூட்டத்தில் ஒரே ஒரு குரங்கைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, அந்தக் கணத்தில் அது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதுங்கள். உண்ணுதல், உணவு தேடுதல், நகர்தல், பேன் பார்த்தல், ஓய்வு, பிற என ஆறு வகை போதும். அரை மணியில் 15 பதிவுகள் சேரும். அவற்றில் 6 பதிவுகள் ஓய்வு என்றால், அது 40 சதவீத நேரம் ஓய்வெடுத்தது எனக் கணக்கிடலாம். விலங்கு நடத்தையை ஆராயும் அறிவியலாரும் இத்தகைய முறைகளையே பின்பற்றுகிறார்கள்.

அடுத்துவரும் சோதனை முக்கியமானது. கூட்டமில்லாத நேரத்தில் ஒரு முறையும், கூட்டம் மிகுந்த நேரத்தில் ஒரு முறையும் இதைச் செய்து, இரு கணக்குகளையும் ஒப்பிடுங்கள். நம் நாட்டு உயிரியல் பூங்காக்களில் சிங்கவால் குரங்குகளைக் கவனித்த ஆய்வாளர்கள், பார்வையாளர்கள் இருக்கும் நாட்களில் அவற்றின் இயல்பற்ற நடத்தை கூடுவதைக் கண்டனர். ஒரே வழியில் திரும்பத் திரும்ப நடப்பது, தன்னைத்தானே கடித்துக்கொள்வது முதலியவை விலங்குகளிடம் காணப்படும் அத்தகைய நடத்தைகள். அப்படியானால், நாம் கத்திக் கைதட்டும்போது காண்பது குரங்கின் இயல்பை அல்ல. நம்மால் அதற்கு நேர்ந்த கலக்கத்தை!

இதில் இன்னொரு காரணமும் உண்டு. காட்டில் பகற்பொழுதின் பெரும்பகுதி உணவு தேடுவதிலேயே கழியும். பூங்காவிலோ உணவு வேளை தவறாமல் வந்துவிடுகிறது, வேலை இல்லை. ஆகவேதான் ஏறி விளையாடக் கட்டைகளையும் கயிறுகளையும் அமைப்பதும், உணவை ஒளித்து வைத்துத் தேடச் செய்வதும் நல்ல பராமரிப்பின் பகுதிகளாகக் கருதப்படுகின்றன. நீங்கள் எறியும் பிஸ்கட் இந்த ஏற்பாட்டைக் கெடுக்கும், நோயையும் கொண்டுவரலாம்.

இவ்வளவு கவனம் எதற்கு? காடுகளில் இக்குரங்குகள் சுமார் 4,000 மட்டுமே இருப்பதாக மதிப்பிட்டுள்ளனர். பெரும்பாலும் ஒரு பேற்றில் ஒரு குட்டிதான். தோட்டங்களும் சாலைகளும் காட்டைத் துண்டாக்கியதால், மரஉச்சிப் பாதைகள் பல இடங்களில் அறுந்துவிட்டன. வால்பாறைப் பகுதியில் சாலையைக் கடக்க இவற்றுக்காக மரங்களுக்கிடையே பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். காட்டில் ஓரினம் குறையும்போது, பூங்காவில் நலமாய் வாழ்ந்து பெருகும் கூட்டம் அவ்வினத்துக்கு ஒரு சேமிப்பு. ஆனால் சேமிப்பு மட்டும் போதாது. திரும்பிச் செல்லக் காடும் வேண்டும்.

அடுத்த சுற்றுலாவுக்குத் தின்பண்டப் பையோடு ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்துச் செல்லுங்கள். பண்டம் உங்களுக்கு, அமைதி குரங்குக்கு!