தெரிந்த முகம் இருந்தால் என்ன?

கேள்வி: குடியை விட நினைக்கிறேன். குடிநோயாளிகள் கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். கோலார் தங்க வயலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மானம் போகாதா? பேசினால் குடி நிற்குமா?

பதில்: பலருக்கு நிற்கிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்ததில் பிறந்தது, இக்கூட்டங்களை நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதைப் பற்றிய 27 ஆய்வுகளை அலசி 2020இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு, இக்கூட்டங்களில் முறையாகச் சேர்த்துவிடப்பட்டவர்களில் குடியை முழுதாக நிறுத்தியவர்கள் மற்றச் சிகிச்சை பெற்றவர்களைவிட அதிகம் என்று கண்டது. சாயங்காலம் கை நடுங்கும்போது, அதே நடுக்கத்தைக் கடந்த ஒருவரைக் கூப்பிட முடிகிறது. மருந்துச் சீட்டில் அது கிடைக்காது.

மானத்துக்கு வருவோம். நீங்கள் குடிப்பது ஊருக்குத் தெரிந்தே இருக்கும். விடப் பார்ப்பதும் தெரிந்தால் என்ன குறை? அங்கே வரும் தெரிந்த முகமும் அதே நோயோடு வந்ததுதான். கட்டணமில்லை, முழுப்பெயர் கேட்பதில்லை. கடவுள் பேச்சு வரும், நம்பாதவரும் உட்காரலாம். அப்படியும் கூச்சமென்றால், 2001இல் சுரங்கம் மூடியபின் ஊரே பெங்களூருக்கு வேலைக்கு ஏறும் மாரிக்குப்பம் ரயில் இருக்கிறது. அங்கே தமிழில் நடக்கும் கூட்டத்தை விசாரியுங்கள்.

ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் மருத்துவரைப் பாருங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவு உண்டு. வழி கேட்க 14446, கட்டணமில்லா எண். இன்றே கூப்பிடுங்கள்.