பில் வரவில்லையா? பிரிண்டரைக் குறை சொல்லாதீர்கள்!

லாரியில் சரக்கு ஏற்றியாகிவிட்டது. பில் மட்டும் வரவில்லை. உள்வீட்டுக் கம்ப்யூட்டரில் ‘ஆஃப்லைன்’ என்று காட்டுகிறது. கடையில் உள்ள வைஃபை பிரிண்டரோ விளக்கெரிந்தபடி சும்மா நிற்கிறது. உடனே மெக்கானிக்கைத் தேடி ஓட வேண்டாம். பிரிண்டரிலேயே ஒரு தாளை வைத்து ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள். வந்தால் பிரிண்டர் நன்றாக இருக்கிறது, கோளாறு இணைப்பில்தான்.

இரண்டும் ஒரே வைஃபையில் உள்ளனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இன்டர்நெட் போனதும் வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைச் செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றியிருப்பார்கள். பிரிண்டர் ரவுட்டரிலேயே இருக்கும். பிறகு எப்படி பில் வரும்? பில் போடும் மென்பொருள் கம்ப்யூட்டரிலேயே இருந்தால், அச்சிட இன்டர்நெட் தேவையில்லை. ரவுட்டர் ஓடினால் போதும். கம்ப்யூட்டரைப் பழைய வைஃபைக்கே திருப்பிவிடுங்கள். புதிய ரவுட்டர் மாட்டியவர்கள் கவனிக்க: விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைதான் தெரியும், 5 தெரியாது.

இதுவும் சரியென்றால் முகவரியைச் சந்தேகிக்க வேண்டும். ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5 என்பதுபோல் ஓர் எண் தருகிறது. அது நிரந்தரமல்ல. மின்சாரம் போய் வந்தால் 5 என்பது 8 ஆகிவிடலாம். கடை மாறிப்போனவருக்குப் பழைய விலாசத்தில் கடிதம் போடுவதுபோல, கம்ப்யூட்டர் பழைய எண்ணுக்கே பில்லை அனுப்பிக்கொண்டிருக்கும். பிரிண்டரில் நெட்வொர்க் விவரத் தாளை அச்சிட்டு, அதிலுள்ள எண்ணைக் கம்ப்யூட்டரின் பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் ‘போர்ட்ஸ்’ பகுதியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் புதிய எண்ணில் போர்ட் சேர்க்க வேண்டும். மறுபடியும் மாறாமலிருக்க, ரவுட்டரின் டிஹெச்சிபி பகுதியில் அந்த எண்ணைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவிட வேண்டும். ரவுட்டர் மாட்ட வருபவரிடம் அன்றே சொல்லிச் செய்துகொள்வது உத்தமம்.

பணம் சம்பந்தப்பட்ட விஷயம் இனிமேல்தான். பில் வரவில்லையென்று பட்டனை ஐந்தாறு முறை தட்டுகிறோம். அத்தனையும் வரிசையில் காத்திருந்து, இணைப்பு வந்ததும் மொத்தமாகக் கொட்டும். ஜி.எஸ்.டி. விதிப்படி சரக்கு பில் மூன்று பிரதிகள்: வாங்குபவருக்கு, லாரிக்கு, நமக்கு. இந்தக் குவியலில் எது எவருக்கு? அதைவிட மோசம், பதற்றத்தில் புதிதாக இன்னொரு பில் போடுவது. ஒரே சரக்குக்கு இரண்டு பில் எண்கள் ஏறும். விற்பனையும் வரியும் இரட்டிப்பாகக் காட்டும். ஆகவே பழைய பில்லையே மறுபடி அச்சிடுங்கள், புதிய பில் போடாதீர்கள். அதற்கு முன் வரிசையைத் திறந்து எல்லாவற்றையும் ரத்து செய்யுங்கள். ரத்தாகாமல் அடம்பிடித்தால் விண்டோஸ் சர்வீசஸில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்தி மீண்டும் ஓடவிட வேண்டும்.

இதற்கெல்லாம் நேரமில்லை, டிரைவர் ஹாரன் அடிக்கிறார் என்றால், யூஎஸ்பி கேபிளைச் சொருகி பில்லை எடுத்து அனுப்பிவிடுங்கள். கேபிள் போட்டதும் கம்ப்யூட்டரில் அதே பிரிண்டர் இரண்டாவது பெயரில் தோன்றலாம். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேபிளைக் கழற்றியபின் பழைய பெயருக்கு மாற்ற மறந்தால், மறுநாள் காலையும் பில் வராது.