சீன மரபுத்தொடர் கற்பித்தலில் கதையின் பயனும் எல்லையும்

சீன மொழியின் 'செங்யு' மரபுத்தொடர்கள் பெரும்பாலும் நான்கெழுத்துகளால் ஆனவை. அவற்றுட் பல பழங்கதைகளின் சுருக்கம். 'அடிக்கட்டையருகே முயலுக்காகக் காத்திருத்தல்' என்னும் தொடரைச் சொற்பொருள்வழி மட்டும் கற்கும் மாணவர், அதனைப் பொறுமைக்கான பாராட்டாகக் கொள்ளக்கூடும். ஹான்ஃபெய்சி நூலின் கதையிலோ, மரத்தில் மோதி இறந்த முயலைப் பெற்ற உழவன், உழவைக் கைவிட்டு மற்றொன்றுக்காகக் காத்திருந்து நகைப்புக்கு ஆளாகிறான். இங்குக் கதையே பொருளைத் திறக்கிறது. ஆயின், 'காலையில் மூன்று, மாலையில் நான்கு' என்பதற்குக் கதை மட்டும் போதாது. சுவாங்சி நூலில், உணவின் மொத்த அளவை மாற்றாமலே குரங்குகளை இணங்கவைத்த செய்தியிலிருந்து தோன்றிய அத்தொடர், இன்று நிலையற்ற மனத்தையே பெரிதும் சுட்டுகிறது. எனவே, சொற்பொருள், தோற்றக்கதை, இக்கால வழக்கு ஆகிய மூன்றையும் இவ்வரிசையில் கற்பித்து, வாக்கியத்தில் ஆளச்செய்தலே தக்க நெறியாகும்.