கேமரா வாங்கப் போறீங்களா? முதலில் லென்ஸைப் பாருங்கள்



போன வருடம் எங்கள் கிளைக்கு ஒரு கேமரா வாங்கினோம். காடி கழுவியும் தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்றும் பிள்ளைகள் சேர்த்த பணம் அது. கடையில் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" 24 என்றார்கள். பெட்டியோடு ஒரு லென்ஸும் வந்தது. சந்தோஷமாக வாங்கி வந்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்துக் கலை இரவு. கிளையில் புதிதாகச் சேர்ந்த ஒரு தங்கை முதல் முறையாக மேடையேறி ஆடினாள். மண்டபத்தில் மற்ற விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு மேடை விளக்கு மட்டும் போட்டிருந்தார்கள். நானூறு படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால், கை வெறும் கோடாகத் தெரிகிறது. முகம் கலங்கிக் கிடக்கிறது. மறுநாள் அவளுடைய அம்மா, "தம்பி, ஒரு நல்ல படம் இருந்தா கொடுப்பா, ஃபிரேம் போட்டு மாட்டணும்" என்றார். கொடுக்க ஒன்றுகூட இல்லை.

கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. நாங்கள்தான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. உங்கள் கிளையிலோ வீட்டிலோ அதே தவறு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

1. மிரர்லெஸ் என்றால் என்ன?

பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருக்கும். லென்ஸ் வழியே வரும் ஒளியை அது மேலே திருப்பி, நாம் கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி விலகும், ஒளி சென்சாரில் விழும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி கிடையாது. சென்சார் பார்ப்பதையே நாமும் திரையில் பார்க்கிறோம். படம் இருட்டாக வருமா, வெளிச்சமாக வருமா என்று எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

2008இல் பானாசோனிக் ஜி1 வந்தது. பத்து வருடம் கழித்து, 2018இல், கேனனும் நிக்கோனும் பெரிய சென்சார் உள்ள மிரர்லெஸ் கேமராக்களைக் கொண்டு வந்தன. இன்று புதிதாக வரும் நல்ல லென்ஸ்கள் பெரும்பாலும் இந்த வகைக்குத்தான்.

2. எதை எடுக்கப் போகிறோம்?

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். மேடை நடனமா? பத்துமலையில் விடியற்காலைக் காவடியா? முகாமில் குழுப்படமா? வீடியோவா? எழுதி முடித்ததும், அதில் வெளிச்சம் குறைந்த இடம் எது என்று பார்த்து அடிக்கோடு போடுங்கள். வெளிச்சம் இருந்தால் கைப்பேசியே நல்ல படம் தரும். நாம் காசு கொடுத்து கேமரா வாங்குவது அந்த அடிக்கோடிட்ட இடத்துக்காகத்தான்.

3. லென்ஸில் உள்ள எண்கள்

பெட்டியோடு வரும் லென்ஸில் '16-50 மி.மீ., எஃப் 3.5-5.6' என்பது போல இருக்கும். மி.மீ. எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பது கிட்டத்தில் தெரியும். எஃப் எண், ஒளி நுழையும் துளையைச் சொல்கிறது. இங்கேதான் பலர் குழம்புவார்கள்: எண் சின்னதானால் துளை பெரிது.

எஃப் 5.6-ஐ விட எஃப் 2.8 நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் 1.8 என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு. எங்கள் லென்ஸ் ஜூம் செய்தவுடன் எஃப் 5.6-க்குப் போய்விட்டது. அந்த வெளிச்சத்தில் ஷட்டர் 1/60 வினாடி திறந்திருக்க வேண்டி வந்தது. ஆடும் கை அந்த நேரத்துக்குள் நகர்ந்துவிடும். அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் இருந்திருந்தால் 1/500 வினாடியில் எடுத்திருக்கலாம். கை அப்படியே நின்றிருக்கும்.

ஒரு எச்சரிக்கை: எஃப் 1.8-இல் குழுப்படம் எடுத்தால் முன்வரிசை தெளிவாகவும் பின்வரிசை மங்கலாகவும் வரும். அதற்கு எஃப் 5.6 அல்லது எஃப் 8 வையுங்கள்.

4. சென்சார் அளவு

முழு அளவு சென்சார் 36 x 24 மி.மீ. அடுத்தது ஏ.பி.எஸ்-சி, சுமார் 23.5 x 15.6 மி.மீ.; கேனனில் கொஞ்சம் சிறியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 x 13 மி.மீ. பெரிய சென்சார் இருட்டில் நன்றாக வேலை செய்யும். ஆனால் லென்ஸும் பெரிதாகும், விலையும் ஏறும். முழு அளவு பாடியும் எஃப் 2.8 ஜூம் லென்ஸும் சேர்ந்தால் ஒன்றேகால் கிலோவைக்கூடத் தாண்டலாம். கேனன் ஆர்50 பாடியும் சிக்மா 18-50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸும் சேர்ந்து 700 கிராமுக்குள் அடங்கும். பத்துமலையின் 272 படியைக் கூட்டத்தோடு ஏறும்போது அந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

மெகாபிக்சலுக்காகக் கவலைப்படாதீங்க. ஏ4 தாளில் நன்றாக அச்சிட 9 மெகாபிக்சல் போதும். 24 இருந்தால் ஏ3-க்கும் தாராளம்.

5. மவுண்ட்: நீண்ட கால உறவு

லென்ஸ் பூட்டும் வாய்க்கு மவுண்ட் என்று பெயர். சோனிக்கு ஈ, கேனனுக்கு ஆர்.எஃப்., நிக்கோனுக்கு இசட், ஃபூஜிஃபில்முக்கு எக்ஸ். ஒன்றின் லென்ஸ் மற்றதில் நேராகப் பூட்டாது. பாடியை ஐந்தாறு வருடத்தில் மாற்றுவோம். நல்ல லென்ஸ் அதைவிட அதிக காலம் கூட வரும். ஆகவே பாடியைத் தேர்ந்தெடுக்கும்போதே, நாளை வாங்கப்போகும் இரண்டாவது லென்ஸ் அந்த மவுண்டில் இருக்கிறதா, விலை கட்டுமா என்று பாருங்கள்.

மாமா வீட்டில் பழைய கேனன் டி.எஸ்.எல்.ஆர். லென்ஸ் சும்மா கிடக்கிறதா? அடாப்டர் போட்டால் கேனன் மிரர்லெஸ்ஸில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கோனில் கவனம் தேவை: மோட்டார் இல்லாத பழைய ஏ.எஃப். லென்ஸ்களுக்கு அந்த நிறுவனத்தின் எஃப்.டி.இசட். அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் கிடைக்காது.

6. பாடியில் ஒப்பிட வேண்டியவை

கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் எப்படி? பாடிக்குள்ளேயே நடுக்கம் குறைக்கும் வசதி உண்டா? இது நம் கை நடுங்குவதைத்தான் சரிசெய்யும், ஆடுகிறவரின் அசைவை நிறுத்தாது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் உண்டா? சோனி இசட்.வி-ஈ10, நிக்கோன் இசட்30 இரண்டிலும் கிடையாது. வெயிலில் திரை தெரியாமல் திண்டாட வேண்டி வரலாம். வீடியோ முக்கியம் என்றால், 4கே-யில் காட்சியின் ஓரம் வெட்டப்படுகிறதா, மைக் செருக இடம் உண்டா என்று கேளுங்கள். பூஜை நேரத்தில் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் உதவும், ஆனால் எல்.இ.டி. விளக்கில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். முன்கூட்டியே ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

7. கடையில்

சொந்த மெமரி கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். கடையின் இருட்டான மூலையில் நண்பரை உங்களை நோக்கி நடக்கச் சொல்லி, இரண்டு கேமராவிலும் எடுங்கள். அன்றே வாங்க வேண்டாம். வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உத்தரவாதம் நிறுவனத்துடையதா, கடையுடையதா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பழைய லென்ஸ் வாங்கினால் பின்பக்கம் டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் புது லென்ஸுக்கும் அது வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஜெல்லை அவ்வப்போது மாற்றுங்கள்.

பணத்தைப் பிரிக்கும்போது மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, அந்த டப்பா மூன்றுக்கும் முதலில் எடுத்து வையுங்கள். மீதியில் பாதிக்கு மேல் பாடிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கிளையில் பிறகு யாரோ பயன்படுத்திய ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் மட்டும் வாங்கினோம். பாடி அதேதான். இந்த வருடக் கலை இரவில் அந்தத் தங்கை மறுபடியும் ஆடினாள். படம் இப்போது அவர்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. ஆனால் அவளுடைய முதல் மேடையின் படம் யாரிடமும் இல்லை.

பயிற்சி

1. உங்கள் கிளை இந்த வருடம் எடுக்க வேண்டிய ஐந்து காட்சிகளை எழுதி, வெளிச்சம் குறைந்ததற்கு அடிக்கோடிடுங்கள்.
2. அந்தக் காட்சிக்கு எத்தனை மி.மீ., எந்த எஃப் எண் தேவை?
3. அந்த லென்ஸ் எந்தெந்த மவுண்டில் கிடைக்கிறது? விலை விசாரித்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். பாடியைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.